துருவோடு சுரண்டப்படும் வரலாறு

பழைய பிரித்தானிய இராணுவ வாகனங்களைத் தேடிப் பிடித்து, துரு நீக்கி, குறைந்த உறுப்புகளைச் சேர்த்து, வர்ணம் தீட்டி மீண்டும் ஓடவைக்கும் பொழுதுபோக்கு இங்கிலாந்திலே வேரூன்றிப் பல்லாண்டுகளாகின்றன. 1968ஆம் ஆண்டில் இதற்கெனவே அங்கு ஒரு சங்கம் அமைந்தது. கோடை பிறந்ததும் கென்ற் முதலிய மாவட்டங்களின் புல்வெளிகளில் லொறிகளும் கவச வாகனங்களும் டாங்கிகளும் அணியணியாக வந்து நிற்கின்றன. கூடாரங்கள் எழுகின்றன, பழைய சீருடை அணிந்தோர் பழைய தகரக் கோப்பையில் தேநீர் அருந்துகின்றனர், தந்தையர் சிறுவரைத் தூக்கி வாகனத்தின்மேல் இருத்திப் படமெடுக்கின்றனர். டோர்செற் மாவட்டத்துப் பொவிங்ரனில் டாங்கிகளுக்கென்றே பெரியதோர் அரும்பொருட்சாலை உண்டு. 1923இல் அவ்விடத்துக்குச் சென்ற றட்யாட் கிப்ளிங், முதலாம் உலக யுத்தத்து டாங்கிகள் கேட்பாரற்றுக் கிடப்பதைக் கண்டு, அவற்றைப் பேணிக் காக்கவேண்டுமெனக் கூறியதிலிருந்தே அச்சாலை வளர்ந்தது என்பர். பேரரசின் பாடகர் அதன் இரும்புக்காகவும் இரங்கியதில் வியப்பில்லை.

இலக்கிய ஏடொன்றில் லொறிக்கும் டாங்கிக்கும் என்ன வேலை என வாசகர் கேட்கலாம். வேலை உண்டு. வரலாறு நூலில் மட்டும் எழுதப்படுவதில்லை. சிலையாகவும் தெருப்பெயராகவும் தபால் முத்திரையாகவும் அது எழுதப்படுகின்றது. இங்கே இரும்பினால் எழுதப்படுகின்றது. பேராசிரியர் ஒருவர் எழுதிய தடித்த நூலைப் புரட்டாதவரும் புல்வெளியில் நிற்கும் வாகனத்தைத் தொட்டுப் பார்க்கிறார். தொட்டுப் பார்த்தது உண்மையாகவே இருக்கும் என்ற நம்பிக்கையுடன் வீடு திரும்புகிறார். எனவே அவர் தொட்டுப் பார்த்தது எது, அவருக்குக் காட்டப்படாதது எது என்ற வினா இலக்கியக்காரனுக்கும் உரியது. அவ்வாகனங்களின் சில்லுகள் உருண்ட நாடுகளில் எமது நாடும் ஒன்றாதலால், அதைக் கேட்கும் உரிமையும் எமக்கு உண்டு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவ்வேலையில் ஈடுபடுவோரெல்லாம் யுத்த வெறியர் அல்லர். டாங்கிகளை வாங்கிக் குவிக்கும் தனவந்தர் சிலர் இருக்கின்றனர் என்பது மெய்யே. ஆயினும் லொறிச் சாரதிகளும் பொருத்துநரும் கடைசல் வேலைக்காரரும் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளரும் தம் வார இறுதிகளையும் சேமிப்பையும் இதிற் செலவிடுகின்றனர். அவர்கள் செய்யும் வேலை இலேசானதன்று. வயல் மூலையில் முப்பது ஆண்டு கிடந்து முட்செடி படர்ந்த லொறியின் போல்ட்டைக் கழற்றுவதற்கு, எண்ணெய் விட்டு இரவு முழுதும் காத்திருக்கும் பொறுமை வேண்டும்; அது முறியாதவாறு எவ்வளவு சூடேற்றலாம் என்ற கையறிவு வேண்டும். உக்கிப்போன தகட்டை வெட்டியெடுத்து அதே கனத்தில் மறுதகடு பொருத்த வேண்டும். எக்கடையிலும் கிடைக்காத உறுப்பைத் தாமே வார்த்துக் கடைந்தெடுக்க வேண்டும். வர்ணத்தை அடுக்கடுக்காகத் தேய்த்துக்கொண்டு போகையில், அடியில் மறைந்திருந்த படைப்பிரிவின் குறியும் இராணுவப் பதிவெண்ணும் மெல்லத் தெரியத் தொடங்கும். அவ்வெண்ணைக்கொண்டு, வாகனம் எந்த ஒப்பந்தத்தின்கீழ் எந்த ஆலையில் எந்த ஆண்டு செய்யப்பட்டது என்பதைத் தேடிப் பிடிக்கின்றனர்.

இது ஏறக்குறைய ஏடு பரிசோதிப்போர் வேலை. செல்லரித்த ஓலையை எண்ணெய் பூசித் துடைத்து, எழுத்தைக் கண்டு, பாடபேதம் பார்த்து, இடைச்செருகலை ஒதுக்கி மூலத்தை நிறுத்திய சி. வை. தாமோதரம்பிள்ளையின் பொறுமையைப் போற்றும் நாம், இவர்களின் பொறுமையைப் பழிக்க முடியாது. ஆயின் பதிப்பாசிரியனுக்கு ஒரு கடப்பாடு உண்டு. தன் புரவலருக்கு இழுக்குத் தரும் செய்யுளைக் கண்டும் அதை விட்டுவிட்டு எஞ்சியதைப் பொன்னெழுத்தில் அச்சிடுபவனைப் பதிப்பாசிரியன் என்று எவரும் அழைப்பதில்லை. நாம் இவர்கள்மேற் சுமத்தும் குற்றம் இதுவே. திருகாணியின் புரி எத்தனை என்பதிற் பிடிவாதமாக இருக்கும் இவர்கள், வாகனம் எத்தெருவில் ஓடியது, யாருக்கு எதிராக ஓடியது என்பதைத் துருவோடு சுரண்டி எறிந்துவிடுகின்றனர்.

'மூல நிலைக்கு மீட்டல்' என்பது இவர்களின் மந்திரம். மூல நிலை எது? மட்டடோர் என்னும் லொறியை எடுத்துக்கொள்வோம். இலண்டனின் மேற்கே சௌதோலில் இருந்த ஏ.இ.சி. ஆலை அதைச் செய்தது. நான்கு சில்லும் உந்தும் டீசல் லொறி, 5.5 அங்குலப் பீரங்கியையும் 3.7 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கியையும் இழுப்பதற்கென்று அமைந்தது. ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவை இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் வெளிவந்தன. யுத்தம் முடிந்ததும் நொட்டிங்ஹாமுக்கு அருகே றடிங்ரன் போன்ற இடங்களில் இராணுவ வாகனங்கள் ஏலத்துக்கு வந்தன. மட்டடோரை வாங்கியவர் மரம் வெட்டுவோர், கராஜ்காரர், ஊரூராகக் களியாட்டம் நடத்துவோர். காட்டிலே அடிமரங்களை இழுத்து வந்து ஏற்றுவதற்கு அதன் முதுகிற் பாரந்தூக்கி பூட்டினர். கராஜ்காரர் அதைக்கொண்டு பள்ளத்தில் விழுந்த பஸ்ஸைத் தூக்கினர். ஐந்தோ ஆறோ ஆண்டு பீரங்கி இழுத்த வாகனம் முப்பது நாற்பது ஆண்டு மரம் இழுத்தது.

இனி அது சேகரிப்பாளர் கைக்கு வருகின்றது. அவர் முதலிற் செய்வது யாது? பாரந்தூக்கியைக் கழற்றி எறிகின்றார். மரவியாபாரியின் பெயரெழுதிய கதவைத் தேய்த்து இராணுவப் பச்சை பூசுகின்றார். பீரங்கி ஒன்று கிடைத்தால் பின்னாற் பூட்டுகின்றார். ஏட்டுப் பரிசோதனையின் சொல்லிற் கூறுவதாயின், நாற்பது ஆண்டு உழைப்பு இடைச்செருகலாகக் கருதி ஒதுக்கப்பட்டது. ஐந்தாண்டு அழிவுப்பணி மூலபாடமாயிற்று. மரவியாபாரியின் தொழிலாளி தன் பட்டறையில் வடிவமைத்துப் பூட்டிய பாரந்தூக்கி, அரசாங்க வரைபடத்திற் கண்ட வின்ச்சுக்கு எவ்வகையிற் குறைந்தது? கொலைக்கருவி ஏர்க்கருவியானது மனித குலத்தின் நற்பேறு என்று எல்லாச் சமயங்களும் பேசுகின்றன. இங்கோ, ஏரை மீண்டும் வாளாக்குவதற்குப் பாராட்டுப் பத்திரமும் வெள்ளிக் கிண்ணமும் கொடுக்கின்றனர்! வேலைசெய்த கோலத்திலேயே மட்டடோரை வைத்துப் பேணுவோரும் சிலர் உளர். அவர்களை நாம் மனமார வாழ்த்துகின்றோம்.

(இவ்விடத்தில் ஒரு செய்தி. இலண்டன் நகரின் ஆர்.டி. இரட்டைத்தட்டு பஸ்ஸை உருவாக்கியதும் அதே சௌதோல் ஆலைதான். இலண்டனில் ஓடி முடிந்த ஆர்.டி. குடும்பத்து பஸ்கள் பல நூற்றை இலங்கைப் போக்குவரத்துச் சபை வாங்கியது. எம் பெற்றோர் அவற்றின் மேற்தட்டில் ஏறிப் பயணஞ் செய்தவர்கள். ஆலை 1979இல் மூடப்பட்டது. அங்கு தலைமுறையாகத் திரண்ட தொழிலறிவு இன்று சேகரிப்பாளரின் தகரக் கொட்டில்களில் எஞ்சியிருப்பது முதலாளித்துவத்தின் விசித்திரங்களுள் ஒன்று.)

மட்டடோர் விடயத்தில் மறைக்கப்படுவது உழைப்பு. வேறு சில வாகனங்களில் மறைக்கப்படுவது இரத்தம். அதற்குச் செல்லுமுன் இலக்கணம் சிறிது பேச அனுமதி வேண்டுகின்றோம். தமிழ் கற்பிப்பவர்க்கு அஃது இயல்பு. இவ்வாகனங்களின் முன்னால் வைக்கப்படும் அறிமுக அட்டைகளிற் பெரும்பாலும் ஒரே வாக்கியம் வருகின்றது: இது மலாயாவிலும் ஏடனிலும் வட அயர்லாந்திலும் சேவையாற்றியது. 'சேவை' என்ற சொல் நான்காம் வேற்றுமையை அவாவி நிற்கும். யாருக்குச் சேவை என்பது கூறப்படவேண்டும். வாகனத்திற் பூட்டியிருக்கும் இயந்திரத் துப்பாக்கியைப் பற்றிப் பேசினாலோ இரண்டாம் வேற்றுமை வேண்டும், யாரைச் சுட்டது? அட்டைகளில் ஏழாம் வேற்றுமை மட்டுமே உண்டு. மலாயாவில், ஏடனில், அயர்லாந்தில். இடம் இருக்கின்றது, அவ்விடத்து மனிதர் இல்லை. எட்டாந் தர மாணவன் இப்படி எழுதினால், செயப்படுபொருள் எங்கே என்று சிவப்பு மையாற் கேட்டிருப்போம்.

விடுபட்ட அச்செயப்படுபொருளைத் தேடுவோம். கொவென்றி நகரின் அல்விஸ் ஆலையில் உருவான சரசன் என்னும் ஆறு சில்லுக் கவச வாகனம் சேகரிப்பாளரிடையே மிகவும் விரும்பப்படுவது. றோல்ஸ் றொய்சின் எட்டு உருளைப் பெற்றோல் இயந்திரத்தின் ஓசை இனிமையானதென்று அவர்கள் மெய்ம்மறந்து பேசுகின்றனர். அதே வரிசையில் வந்த பீரங்கிக் கவச காரின் பெயர் சலாடின். சிலுவை யுத்தக் காலத்தில் ஐரோப்பியர் அராபியரையும் முஸ்லிம்களையும் அழைத்த பெயர் சரசன். 1187இல் ஜெருசலேத்தை மீட்டவர் சலாஹுத்தீன். இருவர் பெயரையும் தம் வாகனங்களுக்குச் சூட்டிய பிரித்தானியர், 1967 நவம்பரில் வெளியேறும் வரையில் ஏடனின் அராபியருக்கு எதிராக அவற்றையே ஓட்டினர். பெயரையும் பறித்து, அப்பெயருக்குரியோரை அப்பெயராலேயே அடக்கும் இச்செயலுக்கு அணியிலக்கணத்தில் என்ன பெயர் என்று எமக்குத் தெரியவில்லை.

மலாயாவில் 1948இல் விடுதலைப் போராளிகளுக்கு எதிராகத் தொடங்கிய 'அவசரகால' யுத்தத்தின் தேவை காரணமாகவே சரசன் அவசரமாக உற்பத்திக்கு வந்து, 1952இற் படையிற் சேர்ந்தது. பின்னர் தென்னாபிரிக்க வெள்ளை அரசுக்கும் விற்கப்பட்டது. 1960 மார்ச் 21ஆம் திகதி ஷார்ப்வில்லில், கடவுச்சீட்டுச் சட்டங்களை எதிர்த்துப் பொலிஸ் நிலையத்தின்முன் கூடிய ஆபிரிக்க மக்கள்மீது பொலிசார் சுட்டனர். அரசாங்கக் கணக்கின்படியே 69 பேர் மாண்டனர். பலர் முதுகிற் சூடுபட்டவர்கள், அதாவது ஓடிக்கொண்டிருந்தவர்கள். அன்றைய புகைப்படங்களிற் பொலிசாரோடு நிற்பவை சரசன்கள். அந்நிகழ்ச்சியை அறியாதவர் உலகில் இலர். ஆயினும் புல்வெளியில் மெருகேறி நிற்கும் சரசனருகே அதைப் பற்றி ஒரு வரி எழுதிவைக்கப் பெரும்பாலோருக்கு மனம் வருவதில்லை.

எமது நாட்டு இராணுவமும் சரசன், சலாடின், பெரற் ஆகிய மூவகை வாகனங்களையும் வைத்திருந்தது. அவை எவ்வீதிகளில் ஓடின என்பதை இவ்வேட்டின் வாசகருக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

டெரி நகரத்தை எடுத்துக்கொள்வோம். ஹம்பர் என்ற கொம்பனியின் ஒரு தொன் கவச லொறிக்குப் படைவீரர் இட்ட பட்டப்பெயர் 'பன்றி'. 1960களின் பிற்பகுதியில் இது பயனற்றதெனத் தீர்மானித்து இராணுவம் விற்கத் தொடங்கியது. பழைய இரும்பு வியாபாரிகளும் தனியாரும் வாங்கினர். 1969இல் வட அயர்லாந்தின் தெருக்களுக்குப் படை அனுப்பப்பட்டதும், விற்றவற்றை அரசே தேடித் திரிந்து திரும்ப வாங்கியது. சேகரிப்பாளருக்கு மிகச் சுவையான கதை இது. விழாக்களில் விருப்பத்தோடு சொல்கின்றனர். கதையின் மறுபாதி யாதெனில், 1972 ஜனவரி 30ஆம் திகதி, விசாரணையின்றிச் சிறைவைப்பதை எதிர்த்து ஊர்வலம் சென்ற மக்களைத் துரத்திக்கொண்டு பரசூட் படையினர் பொக்சைட் பகுதிக்குள் வந்திறங்கியது இப் 'பன்றி'களிலேதான். அன்றே 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுடப்பட்டவருள் இன்னொருவர் பின்னர் இறந்தார். வாகனம் மோதிக் காயமுற்றோரும் உளர். 38 ஆண்டுகள் கழித்து, 2010இல் வெளிவந்த சவில் பிரபுவின் விசாரணை அறிக்கை, சுடப்பட்டவர்களுள் எவரும் படையினரின் உயிருக்கு ஆபத்து விளைக்கும் நிலையில் இருக்கவில்லை எனக் கூறிற்று. பிரித்தானியப் பிரதம மந்திரி பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அரசே ஒப்புக்கொண்டதை அதன் பழைய லொறியை வாங்கியவர் ஒப்புக்கொள்ளத் தயங்குவது ஏன்?

ஒரு வாகனம் தன் கதையை இழக்காமலே பேணப்படலாம் என்பதற்கு அயர்லாந்திலேயே சான்று உண்டு. 1922இல் பிரித்தானியர் ஐரிஷ் சுதந்திர அரசின் படைக்குக் கையளித்த 13 றோல்ஸ் றொய்ஸ் கவச கார்களுள் ஒன்று, 'ஸ்லீவ் ந மான்' என்ற மலையின் பெயரைத் தாங்கியது. அவ்வாண்டு ஓகஸ்ட் 22ஆம் திகதி கோர்க் மாவட்டத்திற் பதுங்கித் தாக்கியோரின் குண்டுக்கு மைக்கேல் கொலின்ஸ் பலியானபோது அவருடன் சென்றது அக்காரே. அதை ஐரிஷ் இராணுவம் புதுப்பித்து ஓடும் நிலையில் வைத்திருக்கின்றது. காண்போர் எவரும் அதன் இயந்திரத்தைப் பற்றி முதலிற் கேட்பதில்லை. அந்நாளைப் பற்றியே கேட்கின்றனர்.

இதனோடு இன்னும் இரு கவச கார்களை ஒப்பிடுக. 1919 ஏப்ரில் 13ஆம் திகதி அமிர்தசரசிலே ஜெனரல் டயர் ஜலியன்வாலா தோட்டத்துக்குச் சென்றபோது இயந்திரத் துப்பாக்கி பூட்டிய இரு கவச கார்களைக் கொண்டு சென்றார். வாயிற்சந்து ஒடுங்கியதாக இருந்தமையால் அவை வெளியிலேயே நின்றன. உள்ளே 1,650 ரவைகள் தீர்க்கப்பட்டன. அரசாங்கக் கணக்கில் 379 உயிர்கள் போயின. இந்தியரின் கணக்கு அதனிலும் மிகப் பெரிது. கார்கள் உள்ளே நுழைய இடமிருந்தால் இயந்திரத் துப்பாக்கியையும் பயன்படுத்தியிருக்கக்கூடும் என்று டயர் விசாரணைக் குழுவின்முன் ஒளிவின்றிக் கூறினார். ஒரு சந்தின் அகலம் எத்தனை உயிரைக் காத்தது என்று கணக்கிட எவராலும் இயலாது. கவச காரின் அகலத்தையும் உயரத்தையும் அங்குலக் கணக்கில் ஒப்புவிக்கும் அன்பர்கள், அவ்வகலம் வரலாற்றில் ஒருமுறை எவ்வாறு பொருள் பெற்றது என்பதையும் சேர்த்து ஒப்புவித்தால் என்ன?

எம்மை மறுப்போர் உடனே எழுந்து, இவ்வாகனங்கள் ஹிட்லரை வீழ்த்தியவை அல்லவா என்பர். ஆம், வீழ்த்தியவையே. பாசிசத்துக்கு எதிரான அப்போராட்டத்தை எவரும் எமக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 1941 செப்டெம்பரில் 'ருஷ்யாவுக்கு டாங்கி வாரம்' என்று பிரித்தானியத் தொழிலாளர் இரவு பகலாக உழைத்தனர். பேர்மிங்ஹாமுக்கு அருகே ஓர் ஆலையில் முதல் வலன்ரைன் டாங்கிக்குச் சோவியத் தூதுவரின் மனைவி 'ஸ்டாலின்' எனப் பெயரிட்டார். தொழிலாளர் தம் வாழ்த்துகளைச் சுண்ணக்கட்டியால் அவற்றின்மேல் எழுதி அனுப்பினர். கனடாவின் மொன்றியலில் ரயில்வேப் பட்டறைத் தொழிலாளர் செய்த வலன்ரைன்களும் ஏறக்குறைய அனைத்தும் சோவியத் நாட்டுக்கே சென்றன. அவற்றுள் ஒன்று 1944 ஜனவரியில் உக்ரேனின் தெலெப்பினோ அருகே ஆற்றுப் பனிக்கட்டி உடைந்து மூழ்கிற்று. 1990இல் ஊரவர் அதை மேலே எடுத்துக் கனடாவுக்கே அன்பளிப்பாக்கினர். அச்சுண்ணக்கட்டி எழுத்துகளையும் சேர்த்து ஒருவர் வலன்ரைனைப் புதுப்பிப்பாராயின் அவர் கையைப் பற்றிக்கொள்ள நாம் முந்துவோம்.

ஆயின் 1944இன் நோர்மண்டியைக் காட்டி 1952இன் மலாயாவை மறைப்பதற்கு நாம் உடன்படோம். யுத்தம் முடிந்தபின் செய்யப்பட்ட வாகனத்துக்கு ஹிட்லரோடு போரிடும் வாய்ப்பே இருந்ததில்லை. அதன் வாழ்நாள் முழுதும் குடியேற்ற நாடுகளிலேயே கழிந்தது. 1968இல் பிரித்தானிய விசேட படைப்பிரிவுக்காக 72 லாண்ட் றோவர்கள் சிறப்பாக அமைக்கப்பட்டன. பாலைவனத்தில் மறைவதற்கென இளஞ்சிவப்பு வர்ணம் பூசப்பட்டதால் 'பிங் பந்தர்' என்ற செல்லப்பெயர் பெற்று இன்று பெருவிலை போகின்றன. இளஞ்சிவப்பு இராணுவ வாகனம் என்றதும் எல்லோர்க்கும் சிரிப்பு வருகின்றது. அவை ஓமானில் ஓடிய காலம், டோபார் மலைநாட்டு மக்கள் சுல்தானின் ஆட்சிக்கு எதிராக எழுந்திருந்த காலம். அடிமைமுறை 1970 வரை நிலவிய அந்நாட்டில், அடிமைமுறை ஒழிக, பெண்களுக்குக் கல்வி வேண்டும் என்றவர்கள் அக்கிளர்ச்சியாளர்கள். அவர்களை அடக்கப் போனவர்களின் வாகனம் விளையாட்டுப் பொருளின் பெயரோடும் நிறத்தோடும் குழந்தைகள்முன் நிற்கின்றது. பிறந்தநாள் விருந்துக்கும் மணமகன் கேளிக்கைக்கும் கவச வாகனச் சவாரி வாடகைக்குக் கிடைக்கும் நாட்டில் இது விந்தையன்று என்று விட்டுவிடலாமா?

'பிரித்தானிய வாகனம்' என்னும் பெயரே முழு உண்மையன்று என்பதையும் இவ்விடத்திற் கூறவேண்டும். இந்தியப் படைக்கென நாலாயிரத்துக்கு மேற்பட்ட சில்லுக் கவச வாகனங்கள் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. கனடாவின் போர்ட் அடிச்சட்டத்தின்மேல் டாட்டா ஆலையின் கவசத் தகட்டை இந்திய ரயில்வேப் பட்டறைத் தொழிலாளர் பொருத்தினர். டயரைப் பற்றிச் சொல்வதாயின் கதை எம் வீட்டு வாயிலுக்கே வந்துவிடும். யுத்தக்கால டயரின் மேற்பதிவு எந்த வடிவில் இருக்கவேண்டும் என்று சேகரிப்பாளர் மணிக்கணக்காக வாதிடுகின்றனர். புதிய டயர் இட்ட வாகனத்தைப் பழிக்கின்றனர். 1942இல் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானியர் வசமாயின. அதன்பின் நேச நாடுகளுக்கு இயற்கை றப்பர் தந்த முதன்மையான இடம் இலங்கை. மரம் பட்டுப்போனாலும் போகட்டும், பாலை எடு என்ற கட்டளை பிறந்தது. களுத்துறையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் விடியுமுன் எழுந்து, வாளியும் பால்வெட்டுக் கத்தியுமாக மரம் மரமாகச் சென்றவர் சிங்களத் தொழிலாளரும் இந்திய வம்சாவளித் தமிழ்த் தொழிலாளருமாவர். யுத்தம் வென்றது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் மூலம் அத்தமிழ்த் தொழிலாளரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். மறு ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. தாம் வெட்டிய பாலில் ஓடிய லொறிகள் வெற்றி ஊர்வலம் போக, வெட்டியவர்களுக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. புல்வெளியில் நிற்கும் மட்டடோரின் டயரைக் காலால் தட்டிப் பார்க்கும் கனவானுக்கு இதனை யார் சொல்வது?

பொழுதுபோக்கில் அரசியலைப் புகுத்தாதீர் என்று மென்மையாகக் கடிந்துகொள்வோரும் இருக்கின்றனர். கவச வாகனத்தை அரசியலின்றிச் செய்த ஆலை எது? அதன் விலையைப் பாராளுமன்றம் ஒதுக்கிற்று. அது செல்லுமிடத்தை அமைச்சரவை தீர்மானித்தது. அது திரும்பிய நாளையும் அரசியலே நிச்சயித்தது. அரசியலைப் புகுத்துவதற்கு நாம் வரவில்லை. சுரண்டி எடுத்ததைத் திருப்பி வைக்கவே கேட்கின்றோம். வெற்றி பெற்றோர் வீதியோரத்தில் நிறுத்திவைக்கும் யுத்த இயந்திரம் எவ்வளவு பேசும், எவ்வளவு பேசாது என்பதை ஆனையிறவு வழியாகப் பயணஞ் செய்யும் எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

செய்ய முடியாததை நாம் கேட்கவில்லை. வட பிரான்சில் கம்பிறே நகருக்கு அருகே பிளெஸ்கியேர் என்றொரு கிராமம். 1917 நவம்பர் 20ஆம் திகதி அங்கு பீரங்கிக் குண்டுபட்டு வீழ்ந்த 'டெபோரா' என்னும் பிரித்தானிய டாங்கி மண்ணுள் புதையுண்டு கிடந்து, 1998இல் தோண்டி எடுக்கப்பட்டது. அதைப் புத்தம் புதிதாக்கி ஓட்டிக் காட்ட எவரும் முயலவில்லை. குண்டு துளைத்த ஓட்டையும் நெளிந்த தகடும் அப்படியே இருக்கின்றன. அதனுள் மடிந்த ஐவரின் கல்லறைகள் அருகிலுள்ள மயானத்தில் உள்ளன; 2017இல் அம்மயானத்தின் பக்கத்திலேயே டாங்கிக்கு மண்டபம் அமைத்தனர். வருவோர் ஓட்டையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து கல்லறையைப் பார்க்கின்றனர். விளக்கவுரை அதிகம் தேவைப்படுவதில்லை.

எல்லா வாகனத்தையும் உடைந்தபடியே வைக்கவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஓடும் இயந்திரத்தின் அழகை அனுபவிக்க எமக்கும் கண் உண்டு, காது உண்டு. சேகரிப்பாளரிடம் பதிவெண் இருக்கின்றது. ஒப்பந்த எண் இருக்கின்றது. படைப்பிரிவின் குறி இருக்கின்றது. அப்பிரிவு எந்த ஆண்டு எந்த நாட்டில் இருந்தது என்பது அச்சிட்ட நூல்களில் இருக்கின்றது. தேடும் திறமையோ எம்மினும் அவர்களுக்கு மிகுதி. ஆகவே அட்டையின் வாக்கியத்தைத் திருத்தி எழுதட்டும். 'பன்றி' ஒன்றின் முன்னால் வைக்க நாமே ஓர் அட்டை எழுதித் தருகின்றோம். தேதியையும் தெருவையும் வாகனத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்:

ஹம்பர் கவச லொறி. றோல்ஸ் றொய்ஸ் ஆறு உருளை இயந்திரம். 1950களில் ஆங்கிலத் தொழிலாளர் செய்தது. விற்கப்பட்டு, மீண்டும் வாங்கப்பட்டு, வட அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டது. 1972 ஜனவரி 30இல் இவ்வகை வாகனங்களில் வந்த படையினர் டெரி நகரத்து மக்களைச் சுட்டனர். இறந்தோர் பெயர் பின்வருமாறு.

பெயர்களுக்குப் போதிய இடம் விட்டு அட்டையை வெட்டவேண்டும்.